முன்னாள் மாணவர் உண்டு... முன்னாள் மனிதர் உண்டா?

பிட் பேப்பர் - வாராவாரம் கம்ப்யூட்டர் பக்கம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவா. டை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு, ஸ்பைரல் பைண்டிங் ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி வராண்டாவில் நிற்கிறீர்கள். உள்ளே போன நண்பன் வேர்த்து விறுவிறுத்து வெளியே வருகிறான். "என்னடா கேட்டாங்க?" என்றால், "ஒண்ணும் புரியலை மச்சி" என்கிறான். இந்தக் காட்சி உங்கள் வாழ்க்கையில் இன்னும் வரவில்லையா? கவலைப்படாதீர்கள், வரும்.

எனக்கும் வந்தது. எங்கள் ப்ராஜெக்ட், வேறென்ன, 'காலேஜ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்'தான். (சிரிக்காதீங்க. உங்களில் பாதிப் பேர் இப்போ அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருப்பீங்க!) சார்ட் பேப்பரில் அழகாகப் படம் போட்டிருந்தோம். மேலே 'மனிதர்' என்று ஒரு க்ளாஸ். அதற்குப் பெயர், பிறந்த தேதி, முகவரி. அதிலிருந்து கீழே இரண்டு கோடுகள். ஒன்று 'மாணவர்', இன்னொன்று 'ஆசிரியர்'. மாணவருக்கு ரோல் நம்பரும் மார்க்கும். ஆசிரியருக்குச் சம்பளமும் டிபார்ட்மென்ட்டும். இன்ஹெரிட்டன்ஸ் என்கிற வார்த்தையைப் படத்தில் நாலு இடத்தில் எழுதியிருந்தோம்.

எக்ஸ்டர்னலாக வந்த பேராசிரியர் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நல்லா இருக்குப்பா. இந்தப் பையன் படிச்சு முடிச்சுட்டு இதே காலேஜ்ல லெக்சரரா சேர்ந்துட்டான்னு வெச்சுக்கோ. என்ன செய்வே?"

"சிம்பிள் சார். மாணவர் ரெக்கார்டை டெலிட் பண்ணிட்டு, ஆசிரியர்ல புதுசா ஒண்ணு போட்டுடுவோம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அதாவது, ஆளைக் கொன்னுட்டு மறுபடி பெத்துக்குவே?"

பக்கத்தில் நின்ற பார்ட்னர் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. எப்படியோ பாஸ் போட்டுவிட்டார்கள். ஆனால், அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சில வருடங்கள் கழித்து, கையில் மஞ்சள் பையோடு ஒரு மனிதராகவே என் முன்னால் வந்து நின்றது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பாடம். தூங்காமல் கேளுங்கள்.

எண் எல்லாம் எண் அல்ல

டைப் என்றால் என்ன? "இன்ட், ஃப்ளோட், கேரக்டர்..." என்று முதல் செமஸ்டரில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காதீர்கள். டைப் என்பது ஒரு வாக்குறுதி. 'இதற்குள் என்ன இருக்கலாம், இதை வைத்து என்னென்ன செய்யலாம்' என்ற இரண்டும் சேர்ந்ததுதான் டைப்.

உங்கள் மார்க்குகளைக் கூட்டலாம், சராசரி எடுக்கலாம். உங்கள் செல்போன் நம்பரையும் என் நம்பரையும் கூட்டி இரண்டால் வகுத்து டயல் செய்தால் யார் எடுப்பார்கள்? இரண்டும் வெறும் இலக்கங்கள்தான். ஆனால் மார்க் ஓர் அளவு, போன் நம்பர் ஓர் அடையாளம். இரண்டையும் 'நம்பர்' என்று டேபிளில் போட்டு வைத்தால், கூட்டாதே என்று தடுக்க ஆளில்லை.

சின்ன விஷயமாகத் தெரிகிறதா? 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்துபோனது. காரணம், பூமியில் இருந்த ஒரு சாஃப்ட்வேர் ராக்கெட் உந்துதலை பவுண்டுக் கணக்கில் எழுதியது. அதைப் படித்த சாஃப்ட்வேர் நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டும் வெறும் எண்கள். 'இது பவுண்டு, இது நியூட்டன்' என்று டைப்பிலேயே பிரித்து வைத்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம்.

ப்ரோக்ராமில் டைப் தப்பானால் அது க்ராஷ் ஆகும், சரி செய்வீர்கள். டேட்டாபேஸில் தப்பானால் சத்தமே வராது. நீங்கள் வேலை மாறிப் போன பிறகும், அந்தத் தப்பு இருபது வருஷம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

பிரியாணியைப் பிரித்து வைப்பவர்கள்

1970-ல் ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் எட்கர் காட் ரிலேஷனல் மாடலைக் கொண்டு வந்தார். எல்லாம் டேபிள். வரிசைகள், பத்திகள், ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்க ஒரு கீ. படு சுத்தம்! இன்றைக்கும் உங்கள் சிலபஸில் பாதி அவருடையதுதான்.

இன்னொரு பக்கம், நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். க்ளாஸ், ஆப்ஜெக்ட், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் 1967-லேயே அதில் வந்துவிட்டன. பிறகு ஸ்மால்டாக், சி ப்ளஸ் ப்ளஸ் என்று வண்டி வேகம் பிடித்தது.

சிக்கல் இங்கேதான். ப்ரோக்ராமில் உங்கள் மாணவர் முழு ஆளாக இருக்கிறார். அவருக்குள் மார்க் லிஸ்ட், லிஸ்ட்டுக்குள் பாடங்கள். ஆனால் சேமிக்கும்போது அவரைப் பிரித்து நாலு டேபிளில் போட வேண்டும். மறுபடி வேண்டுமென்றால் நாலையும் ஜாயின் போட்டு ஒட்ட வேண்டும். பிரியாணி செய்து, அரிசியைத் தனி டப்பா, கறியைத் தனி டப்பா, லவங்கம் பட்டையைத் தனி டப்பா என்று பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பசிக்கும்போது திரும்பக் கலப்பது போல!

1984-ல் ஜார்ஜ் கோப்லேண்ட், டேவிட் மேயர் இருவரும், ஸ்மால்டாக் மொழியையே டேட்டாபேஸாக மாற்றுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 'இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்' என்று எலக்ட்ரிகல்காரர்களிடமிருந்து ஒரு வார்த்தையைக் கடன் வாங்கி, இந்தப் பொருத்தமின்மைக்குச் சூட்டினார்கள். அந்த முயற்சியில் பிறந்ததுதான் ஜெம்ஸ்டோன். பின்னாலேயே அமெரிக்காவில் ஓரியன், பிரான்ஸில் ஓ-டூ என்று வரிசையாக வந்தன. பிரியாணியைப் பிரியாணியாகவே ஃப்ரிட்ஜில் வைக்கலாம் என்றார்கள். அதுதான் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் டேட்டாபேஸ்.

ஆளுக்கு ஒரு டேட்டாபேஸ் வந்ததும் 'எதை அப்படிக் கூப்பிடலாம்?' என்று குழப்பம் வந்தது. 1989-ல் ஜப்பானின் கியோட்டோவில் நடந்த மாநாட்டில், மால்கம் அட்கின்சன், ஃபிரான்சுவா பான்சியோன் உள்ளிட்ட ஆறு பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கட்டாயம் இருக்க வேண்டிய அம்சங்கள் 13 என்று பட்டியல். அதில் இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று அடையாளம், இன்னொன்று டைப். உங்கள் ப்ராஜெக்ட் கவிழ்வது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான்.

பெயர் மாறினாலும் நீ நீதான்

ஒரே க்ளாஸில் இரண்டு கார்த்திக். இரண்டு பேருக்கும் இனிஷியல் எஸ். அதிசயமாகப் பிறந்த தேதியும் ஒன்று. இவர்கள் ஒருவரா, இருவரா? கேள்வியே அபத்தம். ஒருத்தன் அரியர் வைத்தால் இன்னொருத்தனை அப்பா அடிக்க மாட்டார்!

ரிலேஷனல் மாடலில் ஒரு வரிசையை அடையாளம் காட்டுவது அதற்குள் இருக்கும் மதிப்புதான். அதனால்தான் ரோல் நம்பர் என்று ஒன்றைக் கொடுத்து இரண்டு கார்த்திக்கையும் பிரிக்கிறோம். ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில், உள்ளே இருக்கும் மதிப்போடு சம்பந்தமே இல்லாமல், ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் பிறக்கும்போதே சிஸ்டம் ஓர் அடையாளம் கொடுத்துவிடும். கெசட்டில் பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், அடையாளம் மாறாது. அதனால்தான் 'இவை இரண்டும் சமமா?' என்பதும் 'இவை இரண்டும் ஒன்றேவா?' என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டு பத்து ரூபாய் நோட்டும் சமம். ஆனால் ஒன்றல்ல.

அக்கா கல்யாணமும் ஒரு முகவரியும்

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் அடையாளம் கொடுத்துவிடலாமா? அங்கேதான் அடுத்த பள்ளம்.

ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அக்கா, நீங்கள். நாலு பேருக்கும் ஒரே முகவரி. "ஒரே விஷயத்தை நாலு தடவை எதுக்கு எழுதணும்?" என்று முகவரியை ஓர் ஆப்ஜெக்ட்டாகச் செய்து, நாலு பேரையும் அதை நோக்கிக் கை காட்ட வைக்கிறீர்கள். சாமர்த்தியம்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆகித் திருச்சிக்குப் போகிறார். ஆபரேட்டர் அக்கா ரெக்கார்டைத் திறந்து முகவரியில் 'திருச்சி' என்று மாற்றி சேவ் கொடுக்கிறார். அவ்வளவுதான். அப்பா, அம்மா, நீங்கள் என்று மொத்தக் குடும்பமும் அக்காவோடு சம்பந்தி வீட்டில் குடியேறிவிட்டீர்கள்!

ஓ-டூ சிஸ்டம் இதை அழகாகப் பிரித்தது. அதில் 'ஆப்ஜெக்ட்' வேறு, 'மதிப்பு' வேறு. ஆப்ஜெக்ட்டுக்கு அடையாளம் உண்டு, பலர் பகிரலாம். மதிப்புக்கு அடையாளம் கிடையாது. பிறந்த தேதி ஒரு மதிப்பு. 'என் ஆகஸ்ட் 15 வேறு, உன் ஆகஸ்ட் 15 வேறு' என்று யாரும் சண்டை போடுவதில்லை.

அப்போ முகவரி? அது உங்கள் வேலையைப் பொறுத்தது. லெட்டர் போடுவதற்கென்றால் மதிப்பாக வையுங்கள். ஆளுக்கு ஒரு காப்பி. வீட்டு வரி வசூலிக்கும் சாஃப்ட்வேர் என்றால் அந்த வீடே ஓர் ஆப்ஜெக்ட். ஆட்கள் மாறினாலும் வீடு அங்கேயே நிற்கும். 'இதை மாற்றினால் யார் யார் மாற வேண்டும்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், விடை தானாக வரும்.

மாம்பழக் கூடை, பழக் கூடையா?

இப்போது உங்கள் மூளைக்கு ஒரு வேலை. மாம்பழம் ஒரு பழம். சரி. மாம்பழக் கூடை ஒரு பழக் கூடையா?

"ஆமா சார், இதென்ன கேள்வி?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். கூடையிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது மட்டும்தான் வேலை என்றால் ஆமாம். எதை எடுத்தாலும் அது பழம்தான். ஆனால், 'பழக் கூடை' என்று போர்டு மாட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் எந்தப் பழத்தையும் போடலாம் என்று அர்த்தம் ஆகிவிடும். ஒருத்தர் வந்து ஒரு பலாப்பழத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். அடியில் மாம்பழம் கூழ். மாம்பழம் என்று நம்பிக் கையை விட்டவருக்கு முள் குத்துகிறது!

ஆக, எடுப்பதற்கு மட்டும் என்றால் மாம்பழக் கூடையைப் பழக் கூடையாக நடத்தலாம். போடுவதற்கும் என்றால் கூடாது. ஜாவா மொழியில் அரே விஷயத்தில் இந்தக் கோட்டையை விட்டுவிட்டார்கள். மாணவர் அரேயை மனிதர் அரே என்று சொன்னால் கம்பைலர் தலையாட்டும். அதில் ஓர் ஆசிரியரைப் போட்டால், ப்ரோக்ராம் ஓடும்போது 'அரே ஸ்டோர் எக்செப்ஷன்' என்று முகத்தில் அடிக்கும். 2004-ல் ஜாவா 5 ஜெனரிக்ஸ் கொண்டு வந்தபோது, மாணவர் லிஸ்ட்டை மனிதர் லிஸ்ட்டாகக் கொடுக்க விடாமல் கம்பைலரே தடுக்கிற மாதிரி செய்துவிட்டார்கள்.

டேட்டாபேஸில் இது ஏன் முக்கியம்? அங்கே எல்லாமே கூடைதான். அந்தக் கியோட்டோ அறிக்கை டைப், க்ளாஸ் என்று இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. டைப் என்பது ப்ரோக்ராம் ஓடுவதற்கு முன்பே தப்பைப் பிடிக்கும் காவல்காரர். க்ளாஸ் என்பது, ப்ரோக்ராம் ஓடும்போது ஆப்ஜெக்ட்டுகளைத் தயாரிக்கும் பட்டறையும் அவற்றை அடுக்கி வைக்கும் கிடங்கும் சேர்ந்தது. 'எல்லா மனிதர்களையும் காட்டு' என்றால் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வர வேண்டும். படிக்கும்போது ஜோர். அதே கூட்டத்துக்குள் 'எல்லோருக்கும் சம்பளத்தை ஏற்று' என்று எழுதப் போனால், மாணவர்கள் கைதட்டுவார்கள். சிஸ்டம் விழுந்துவிடும்!

பார்பரா லிஸ்கோவ் 1987-லிருந்து சொல்லிவந்து, ஜெனட் விங்குடன் சேர்ந்து 1994-ல் கறாராக எழுதி வைத்தது இதைத்தான். மேல் க்ளாஸ் என்ன வாக்குக் கொடுத்ததோ, அதைக் கீழ் க்ளாஸ் காப்பாற்ற வேண்டும். கட்டங்கள் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் போதாது, நடத்தையும் பொருந்த வேண்டும். பிள்ளை அப்பா ஜாடையில் இருந்தால் போதுமா, அப்பா கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?

'முன்னாள்' டெஸ்ட்

இப்போது அந்த எக்ஸ்டர்னல் கேள்விக்கு வருவோம். மாணவர் ஆசிரியர் ஆனால்?

ஜாவா, சி ப்ளஸ் ப்ளஸ் மாதிரியான மொழிகளில் ஓர் ஆப்ஜெக்ட் எந்த க்ளாஸில் பிறந்ததோ அதே க்ளாஸில்தான் கடைசி வரை இருக்கும். ப்ரோக்ராம் பத்து நிமிஷம் ஓடுகிறது என்றால் பிரச்னை இல்லை. டேட்டாபேஸில் ஓர் ஆப்ஜெக்ட் நாற்பது வருஷம் வாழும். நாற்பது வருஷத்தில் மனிதர்கள் மாறுவார்கள். மாணவர் ஆசிரியர் ஆவார். ஆசிரியர் பி.எச்டி.க்குப் பதிவு செய்து அதே காலேஜில் மறுபடி மாணவர் ஆவார். ஒரே நேரத்தில் இரண்டும்! "மல்டிபிள் இன்ஹெரிட்டன்ஸ் போட்டு 'மாணவ-ஆசிரியர்'னு ஒரு க்ளாஸ் பண்ணிடலாம் சார்" என்பவர்களுக்கு: அவரே ஹாஸ்டல் வார்டனும் ஆனால்? மூன்று பொறுப்புகளைக் கலந்தால் ஏழு விதம் வரும். நாலு என்றால் பதினைந்து. க்ளாஸ் எழுதியே வயசாகிவிடும்.

இதற்கு ஓர் எளிய டெஸ்ட் சொல்கிறேன், எங்கேயும் எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த வார்த்தைக்கு முன்னால் 'முன்னாள்' என்று போட்டுப் பாருங்கள். முன்னாள் மாணவர், முன்னாள் ஆசிரியர், முன்னாள் வார்டன், முன்னாள் அமைச்சர்... எல்லாம் சரியாக இருக்கிறது. முன்னாள் மனிதர்? முன்னாள் புத்தகம்? முன்னாள் மாமரம்? உதைக்கிறதல்லவா!

'முன்னாள்' ஒட்டிக்கொண்டால் அது ஒரு வேஷம். வேஷத்தை சப்-க்ளாஸ் ஆக்காதீர்கள். மனிதர் ஒரே ஆப்ஜெக்ட். 'படிப்பு' என்று தனியாக ஓர் ஆப்ஜெக்ட், 'வேலை' என்று தனியாக ஓர் ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றிலும் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதி வரை என்று இரண்டு கட்டங்கள். மனிதர் அவற்றைக் கையில் வைத்துக்கொள்கிறார். வேஷம் கலைந்தால் முடிவுத் தேதி விழும், அவ்வளவுதான். ஆள் அப்படியே இருப்பார். 'முன்னாள்' ஒட்டவில்லை என்றால்தான் இன்ஹெரிட்டன்ஸ் பக்கம் போங்கள்.

பெட்டிச் செய்தி: உங்கள் பெயரே ஒரு டைப் எரர்!

பாஸ்போர்ட், விசா ஃபார்ம் நிரப்பியவர்களுக்குத் தெரியும். 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். நம்மில் பலருக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலை விரித்தால் அது அப்பா பெயர். அங்கே போனால், வகுப்பில் உங்களை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள்! பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான மூன்று எழுத்துகளைப் போடுவார்கள். டேட்டா மாடல் எழுதியவர் 'எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு' என்று நினைத்ததன் விலை இது. நீங்கள் க்ளாஸ் எழுதும்போது, உங்கள் கட்டத்துக்குள் அடங்காத மனிதர் யார் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

அப்புறம் ஏன் ஜெயிக்கவில்லை?

இவ்வளவு நல்ல விஷயம் என்றால், ஏன் இன்டர்வியூவில் எல்லோரும் எஸ்.க்யூ.எல். மட்டுமே கேட்கிறார்கள்? நியாயமான கேள்வி.

முதல் காரணம், ஒற்றுமை இல்லை. கம்பெனிகள் 1991-ல் ஓ.டி.எம்.ஜி. என்ற குழுவை அமைத்து, 1993-ல் ஒரு பொதுத் தரம் கொண்டு வந்தன. 2000-ல் 3.0 வந்தது. 2001-ல் குழுவே கலைந்துவிட்டது. இரண்டாவது, டேட்டாவை ஒரு மொழியின் க்ளாஸ்களோடு முடிச்சுப் போட்டுவிட்டால் வேறு மொழிக்காரர் வந்து படிக்கத் திண்டாடுவார். ப்ரோக்ராம்கள் சாகும், டேட்டா சாகாது. இன்றைக்கு எழுதியவர் நினைக்காத கேள்வியைப் பத்து வருஷம் கழித்து ஒருத்தர் கேட்பார். அங்கே டேபிளும் எஸ்.க்யூ.எல்.லும் சட்டென்று பதில் சொல்லிவிடும்.

மூன்றாவது, க்ளாஸை மாற்றும் தலைவலி. ஒரு கோடி ஆப்ஜெக்ட் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது மாணவருக்கு 'இ-மெயில்' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். கடையை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றலாம். அல்லது, பழைய பஸ் பாஸோடு யார் வருகிறாரோ அவருக்கு மட்டும் அந்த நேரத்தில் புதுப் பாஸ் கொடுப்பதுபோல, எந்த ஆப்ஜெக்ட்டைத் தொடுகிறோமோ அதை மட்டும் அப்போது மாற்றலாம். ஓரியன் குழு 1987-லேயே இந்த மாற்றங்களை வகை பிரித்து விதிகள் எழுதியது. அவர்கள் எடுத்தது இரண்டாவது வழி. விதி இருந்தாலும் வேலை வேலைதான்!

பெரிய சோதனையும் நடந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தின் பாபார் என்ற இயற்பியல் சோதனை, தன் தகவல்களை அப்ஜெக்டிவிட்டி என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸில் வைத்தது. 2002-ல் அது 500 டெராபைட்டைத் தாண்டியது. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய டேட்டாபேஸ்களில் ஒன்று. அடுத்த சில வருடங்களிலேயே அவர்களும் அதை விட்டுவிட்டு, ஃபைல்களும் ரிலேஷனல் டேட்டாபேஸும் கலந்த வழிக்குப் போனார்கள்.

ஆனால் தோற்றதென்று சொல்லிவிட முடியாது. 1999-ல் வந்த எஸ்.க்யூ.எல். தரம், நாமே டைப் உண்டாக்கிக்கொள்ள வழி கொடுத்தது. போஸ்ட்கிரெஸ் டேபிளிலேயே இன்ஹெரிட்டன்ஸ் வைத்திருக்கிறது. 2001-ல் வந்த ஹைபர்நேட் போன்ற கருவிகள், மேலே ஆப்ஜெக்ட், கீழே டேபிள் என்று நடுவில் நின்று மொழிபெயர்க்கின்றன. இன்றைக்கு வேலைக்குப் போனால் நீங்கள் புழங்கப் போவது பெரும்பாலும் இந்த மொழிபெயர்ப்பாளர்களோடுதான். அவர்களிடமும் கவனம் வேண்டும். க்ளாஸ் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டால் வேகம், ஆனால் மாணவர் வரிசையிலும் 'சம்பளம்' என்ற கட்டம் காலியாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். தனித்தனி டேபிளில் போட்டால் சுத்தம், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஜாயின். எதை எடுத்தாலும் ஒன்றைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மஞ்சள் பை

சொல்கிறேன் என்றேனே, அந்தக் கதை.

வேலையில் சேர்ந்த புதிது. 2004. ஒரு கல்வி நிறுவனத்துக்குச் சம்பள சாஃப்ட்வேர் எழுதினோம். பெயர் வேண்டாம். க்ளாஸ் படம் போட்டவர்களில் நானும் ஒருவன். 'ஊழியர்' மேலே. கீழே 'அட்டெண்டர்', 'டெக்னிக்கல் அசிஸ்டென்ட்', 'ஆசிரியர்' என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு டேபிள். வைவாவில் வாங்கிய அடி மறந்துபோயிருந்தது.

ஒருநாள் அந்த ஆபீஸுக்குப் போயிருந்தேன். நாற்பது வயசு இருக்கும், ஒருத்தர் மஞ்சள் பையோடு வந்தார். லேப் அட்டெண்டராகச் சேர்ந்து, மாலை நேரத்தில் டிப்ளமோ படித்து முடித்து, போன மாதம் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் ஆனவர். கையில் சம்பளச் சீட்டு.

"தம்பி, ஒரு சின்ன சந்தேகம். நான் போன மாசம்தான் வேலையில சேர்ந்தேன்னு இதுல போட்டிருக்கு. லீவு கணக்கும் சைபர்னு காட்டுது. பதினோரு வருஷம் எங்க தம்பி போச்சு?"

எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். ஆபரேட்டர் அட்டெண்டர் டேபிளில் டெலிட் அழுத்தி, அசிஸ்டென்ட் டேபிளில் புதிதாகச் சேர்த்திருந்தார். எங்கள் படம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. பி.எஃப்., இன்க்ரிமென்ட், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்த தேதியை வைத்துத்தான் கணக்கு. படித்து முன்னேறியதற்கு, பதினோரு வருஷ உழைப்பை நாங்கள் அபராதமாகப் பிடுங்கியிருந்தோம். ஆளைக் கொன்று மறுபடி பெற்றிருந்தோம்.

"சரி பண்ணிடலாம்ண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

எதை வைத்துச் சரி செய்வது? ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் பீரோவைத் திறந்து, தடிமனான ஒரு பழைய புத்தகத்தை எடுத்துப் போட்டார். அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டர். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள். பிறகு ஒவ்வொரு வரியாக, எந்தத் தேதியிலிருந்து எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம், யார் கையெழுத்து. பதவி உயர்வு வந்தால் அடுத்த வரி. தப்பாக எழுதினால் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் கையெழுத்து. எதையும் அழிப்பதே இல்லை.

ஒரு மனிதருக்கு ஒரு புத்தகம். பதவிகள் அதற்குள் வரிகள். நான் இன்னும் அந்தப் பக்கங்களை மறக்கவில்லை. அடையாளம், மதிப்பு, வேஷம், தேதி என்று இத்தனை நேரம் உங்களுக்கு நான் சொன்ன எல்லாம், நூல் கட்டித் தைத்த அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதைக் கிழித்துவிட்டுத்தான் நாங்கள் 'கம்ப்யூட்டர்மயம்' செய்திருந்தோம். இரண்டு இரவுகள் உட்கார்ந்து மாடலை மாற்றி எழுதினோம். மறு மாதச் சீட்டில் பழைய தேதி வந்ததும் அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு இந்த வார வேலை

உங்கள் ப்ராஜெக்ட் படத்தை எடுங்கள். ஒவ்வொரு சப்-க்ளாஸுக்கும் முன்னால் பென்சிலால் 'முன்னாள்' என்று எழுதிப் பாருங்கள். ஒட்டிக்கொள்கிறவற்றைப் பிரித்துத் தேதி போட்டு வையுங்கள். பகிரப்படும் ஒவ்வொன்றிலும், 'இதை மாற்றினால் யார் மாறுவார்?' என்று கேளுங்கள். டெலிட் என்று எங்கே எழுதியிருக்கிறீர்களோ, அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கட்டும், கேட்காமல் போகட்டும். என்றைக்காவது ஒருநாள் மஞ்சள் பையோடு ஒருவர் வந்து நின்றால், அவர் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு பிட்டோடு சந்திப்போம்!